இதோ அண்ணனின் சில்லிட்ட விரல்கள்

எங்கள் தெருவில் ஒருவர் ஒரு பக்கம் மீசையும் மறுபக்கம் வெறும் உதடுமாக நடந்து போனால் யாரும் நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள். "சலூன்காரர் எந்தப் பக்கம் போனாரு?" என்று மட்டும் கேட்பார்கள். பாதி மீசைக்காரரும் கோபப்படாமல், "பிளேடு வாங்கப் போனாரு. கண்ணுல பட்டா அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டுத் தேடலைத் தொடர்வார்.

சலூன்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் இதோ அண்ணன். கழுத்தில் துணியைக் கட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு காதுப் பக்கம் ஒழுங்காக வெட்டி முடித்ததும் அவருக்கு ஏதோ ஒன்று ஞாபகம் வரும். "இதோ வந்துட்டேன்" என்று சீப்பை வைத்துவிட்டுப் படியிறங்குவார். அந்த இரண்டு சொற்களில் முதலாவது பெயராக ஒட்டிக்கொண்டது. இரண்டாவதை யாரும் நம்பாததால் சேர்த்துக்கொள்ளவில்லை.

சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பிளேடு வாங்கப் போகிற வழியில் சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார். அண்ணன் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். ஓட்டையை ஒட்டுவதற்குள் எதிர்வீட்டுக் குழாய் சொட்டுவது காதில் விழும். போய் அதைக் கழற்றுவார். மாட்டுவதற்கு வாஷர் வேண்டும். வாஷர் வாங்கப் போகிற வழியிலும் தெரு என்று ஒன்று இருக்கிறதே. கடைசியில் ஒரு தலை, ஒரு டியூப், ஒரு குழாய், மூன்றும் தெருவின் மூன்று மூலையில் அவருக்காகக் காத்திருக்கும். அவரைப்போல ஓடியாடி உழைத்த மனிதர் எங்கள் பக்கம் கிடையாது. உழைப்பு முழுக்க ஆரம்பங்களாகவே இருந்தது, அதுதான் வம்பு.

வீட்டு வாசல் கதவு மேல்பாதி நீலம், கீழ்பாதி பழைய பழுப்பு. மகள் பிறந்த வருடம் எடுத்த பிரஷ் அது. தபால்காரரிடம் வழி சொல்வதற்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர அந்தக் கதவால் வேறு நன்மை எதுவும் இல்லை. அவர் மனைவி ஆடை ஆலையில் காலர் தைப்பவர். காலர் மட்டும்தான். கை வேறொருத்தி, பொத்தான் வேறொருத்தி. அதனால் அவர் காலர் அண்ணி. "நான் தைக்கிறது சட்டையில ஒரு துண்டு. ஆனா அந்தத் துண்ட முடிக்காம எந்திரிச்சதில்ல. எனக்கு வாச்சதப் பாரு" என்பார். சொல்லும்போது சிரிப்பார். கொஞ்ச காலமாக அந்தச் சிரிப்பும் பாதியிலேயே நிற்கத் தொடங்கியிருந்தது.

கடையில் இரண்டு நாற்காலி. இரண்டாவதில் அண்ணியின் தம்பி வேலை செய்தான். தன் தலைகளை வெட்டுவது பாதி வேலை, மச்சான் விட்டுப்போன தலைகளை முடிப்பது மீதி. ஒருநாள் ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஒரு கிருதாவோடு போய்த் திரும்பி வந்து கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு மைத்துனன் கத்தரியைத் துடைத்து உறையில் போட்டான்.

"மச்சான், ரெண்டு தெரு தள்ளி ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன். சும்மா சொல்லல."

"போறியா மாப்ள?"

"நீங்க ஒரு தலைய முழுசா முடிங்க. நான் போகல."

அண்ணன் அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஓரிடத்தில் நின்றதை நாங்கள் பார்த்தது அதுவே முதல்முறை.

அந்தச் சமயத்தில்தான் மகளின் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பெண் புத்திசாலி, ஆனால் எதையும் முடிப்பதில்லை, வகுப்பில் இருந்தும் இல்லாததுபோல் இருக்கிறாள், ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார்கள். அண்ணிக்கு ஆலையில் விடுப்பு இல்லை. அண்ணன் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா பொறுமையான பெண்மணி. "பாப்பா ஒரு வேலைய ஆரம்பிச்சா முடிப்பாளா?" என்று கேட்டார்.

"எங்கம்மா முடிக்கிறது. நடுவுல இன்னொண்ணு கண்ணுல படும். அதையும் விட முடியாது, இதையும் விட முடியாது. உள்ளேருந்து யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரியே இருக்கும். அப்புறம் ராத்திரி படுத்தா விட்டதெல்லாம் வரிசையா வந்து நிக்கும்."

"பாப்பா அப்படிச் சொன்னாளா?"

"இல்லம்மா, நான் சொல்றேன்."

"டாக்டர்," என்றாள் மகள், "அப்பா உங்க ஸ்டூலோட திருகாணியக் கழட்டிட்டாரு."

ஸ்டூல் ஆடியதால் சரிசெய்யப் பார்த்தாராம். டாக்டரம்மா கொஞ்ச நேரம் அந்தத் திருகாணியைப் பார்த்தார். பிறகு இருவருக்கும் ஆளுக்கொரு நாள் குறித்தார். சில வாரங்கள், பல கேள்விகள். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பதில்: ஏ.டி.ஹெச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, பிறவியிலேயே வருவது, பரம்பரையாகவும் வரும். கன்னங்கரேலென்ற தலைமுடியோடு, பாதி ஆயுளைக் கடந்துவிட்ட ஒரு மனிதர், தான் கெட்டவன் இல்லை, கோளாறு உள்ளவன் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்து கிளினிக் படியில் உட்கார்ந்து அழுதார். அழுகையை மட்டும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்று மகள் பிறகு சொன்னாள்.

மருந்து எழுதுவதற்கு முன்னால் டாக்டரம்மா இருவரின் இதயத் துடிப்பையும் தாளில் கோடு போட்டுப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். அண்ணனுடையது விளிம்பில் இருந்தது.

"ரத்த சொந்தத்துல யாருக்காவது பிரஷர், இதய நோய், சின்ன வயசுல திடீர்னு இறந்துபோனது, அப்படி ஏதாவது உண்டா?"

அண்ணனின் அப்பாவும் சலூன்காரர்தான். தலை நரைக்காத வயதில், கையில் கத்தரியோடு, வாஷ்பேசின் பக்கத்தில் விழுந்து போனவர். அண்ணன் வாயைத் திறந்தார். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். தன் ரத்தத்தில் கோளாறு என்றால் அவள் ரத்தத்திலும் கோளாறு என்று சொல்லி அவளுக்கும் மருந்து இல்லை என்றுவிட்டால்?

"எல்லாரும் வயசாகிப் போனவங்கதாம்மா" என்றார்.

டாக்டரம்மா பிறகு விதிகளைச் சொன்னார். சலூனில் கழுத்துத் துணியை இறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக இறுக்கினார். காலையில் மட்டும், ஒன்றே ஒன்று. மென்று தின்னக் கூடாது, கூட ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாது. அப்பா மருந்தை மகளோ மகள் மருந்தை அப்பாவோ எடுக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவே கூடாது, பூட்டி வைக்க வேண்டும். சளி மாத்திரை, இருமல் மருந்து எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். காபியைக் குறைக்க வேண்டும். நெஞ்சு படபடத்தால், வலித்தால், தலை கனத்தால், தூக்கம் போனால், விரல் நுனி வெளுத்துச் சில்லிட்டால் உடனே சொல்ல வேண்டும்.

"மருந்து நல்ல மருந்துதான். ஆனா நீங்க சொல்றத வச்சுத்தான் நான் அளவு போடுவேன். என்கிட்ட எதையும் மறைக்காதீங்க."

"நான் எதம்மா மறைக்கப் போறேன்" என்றார் அண்ணன்.

மாத்திரை போட்ட முதல் வாரத்தில் கணக்கு வாத்தியார் முடிவெட்ட வந்தார். ஓய்வு பெற்றவர். பாதித் தலையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபாதிக்குத் திரும்பி வருவதை வழக்கமாக வைத்திருந்தவர். அண்ணன் வெட்டினார். வலப்பக்கம், இடப்பக்கம், பின்கழுத்து. பிரஷால் தட்டினார். துணியை உதறினார். வாத்தியார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க சார். முடிஞ்சது."

"எது முடிஞ்சது?"

"தலைதான் சார்."

"பொய் சொல்லாதப்பா" என்றார் வாத்தியார். கண்ணாடியில் இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். இரண்டும் சமம். பின்னால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, யாரோ இறந்த வீட்டிலிருந்து கிளம்புவதுபோல் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மைத்துனன் தன் கையிலிருந்த தலையை விட்டுவிட்டு மச்சானையே பார்த்தான். ரெண்டு தெரு தள்ளி இருந்த இடத்தைப் பற்றி அப்புறம் அவன் பேசவில்லை.

கதவு முழுக்க நீலமாயிற்று. தபால்காரர் வீடு தெரியாமல் திண்டாடினார். அண்ணி ஆலையிலிருந்து வந்து கதவைத் தள்ளாமல் வெளியிலேயே நின்றாராம். "உள்ள வர்றதுதானே" என்றாராம் அண்ணன். "இருங்க, கொஞ்ச நேரம் பார்த்துட்டு வர்றேன்" என்றாராம்.

தெருவுக்கு ஒரே ஒரு குறை. அண்ணன் பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் முடி வெட்டுகிறாரோ இல்லையோ, உலக விவகாரம் முழுக்க வெட்டித் தள்ளுவார். இப்போது வாயை மூடிக்கொண்டு முடியை மட்டும் வெட்டினார். முழுத்தலை கிடைத்தவர்கள் இதற்கும் முணுமுணுத்தார்கள். மனிதனுக்குத் திருப்தி என்பது தலையில் இல்லை போலிருக்கிறது.

குளிர்ந்த விரல்களைத் தெரு கண்டுபிடித்தது பிறகுதான். ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் வீட்டுக்குத் தெரியும். சலூன்காரர் விஷயத்தில் எங்கள் பின்கழுத்துகளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"ஏம்ப்பா, ஐஸ் பெட்டியில கைய வச்சுட்டு வர்றியா?" என்று நெளிந்தார் வாத்தியார்.

"வெயிலுக்கு இதமா இருக்கட்டும்னுதான் சார்."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் கடையின் பின்னறையில் அடுப்பு வைத்து ஒரு கிண்ணத்தில் வெந்நீர் காய்ச்சி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தலைக்கும் முன்னால் போய் விரல்களை முக்கிவிட்டு வருவார். நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருக்கும், முக்கியதும் நீலமாகி, பிறகு சிவக்கும். மகளிடம் ஒருநாள் அதைக் காட்டி, "பாரு, கொடி மாதிரி மூணு கலரு" என்று வேடிக்கை செய்தார். மகள் சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட சொன்னியாப்பா?"

"சொல்லிக்கலாம்."

மருந்துக்கடைக்காரர் அவருக்குப் பழைய சிநேகிதர், சின்ன வயசிலிருந்து தலை கொடுக்கிறவர். மாதாமாதம் டாக்டரம்மாவின் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துத் தருவார். மேசைமேல் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி இருந்தது. ஒருநாள் அண்ணன் சும்மா கையை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை பார்த்தார். கையை மாற்றிக் கட்டி இன்னொருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, இது தப்பு. நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க."

"போனா என்ன செய்வாங்க?"

"குறைப்பாங்க. இல்லன்னா நிறுத்திடுவாங்க."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அண்ணன் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. நிறுத்திடுவாங்க. திரும்பவும் பாதிக் கதவு, பாதித் தலை, மைத்துனன் உறையில் போட்ட கத்தரி.

அடுத்த வார விடுமுறையில் மாத்திரை போட மறந்துவிட்டார். மறுநாள் காலையும் மறந்தார். போகிறபோக்கில் மருந்துக்கடையில் கையை நீட்டினார். அளவு இறங்கி, பழையபடி விளிம்பில் நின்றது. அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வாழ்க்கையில் அவர் கடைசிவரை விடாமல் செய்து முடித்த யோசனை அது ஒன்றுதான்.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் நாளுக்கு முன்னால் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார். விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டித் துடைப்பதுபோல் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்காருவார். விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கும். அழுத்தமும் இறங்கியிருக்கும். ஆனால் மாத்திரை போடாததால் கால் ஆடும், கண் அலையும், கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிட்டு ஜன்னல் கொக்கியை ஆராய்வார்.

டாக்டரம்மா என்ன செய்வார் பாவம். எதிரே இருப்பவர் மாத்திரை போட்டும் அலைபாய்கிறார், உடம்போ தாங்குகிறது. "இந்த அளவு பத்தல போலிருக்கே" என்று அளவைக் கூட்டினார். அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கூட்டினார். ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்தார், நெஞ்சு படபடப்பு உண்டா என்று கேட்டார். "இல்லவே இல்லம்மா" என்றார் அண்ணன். அந்த இரண்டு நாளில் அது உண்மையும்கூட. மருந்துக்கடைக்காரர் கேட்டால், டாக்டரே பார்த்துச் சரி என்றுவிட்டார் என்று சீட்டை நீட்டினார்.

தெருவில் இது நாள்காட்டியாகவே ஆகிவிட்டது. மாதத்தில் இரண்டு நாள் அண்ணன் பழைய ஆளாகிவிடுவார். யாராவது ஒருவர் ஒரு காதுப் பக்கம் மட்டும் வெட்டிய முடியோடு வெளியே வருவார். "என்ன, நாளைக்கு டாக்டரா?" என்று கேட்போம். டாக்டரம்மா ஒருத்தருக்குத் தெரியாதது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதற்காக என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பரிசோதனை பயத்தில் மறந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

மகள் வேறு ரகம். அவள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். மதியம் பசிப்பதில்லை, சாயங்காலம் எரிச்சல் வருகிறது, ஒருநாள் நெஞ்சு குதித்தது. அவள் மருந்தின் அளவு குறைந்தது. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் கோபப்பட்டார். அவர் கோபம் அதிகம் நீடிக்காது. அன்றைக்கு நீடித்தது.

"எதுக்கு எல்லாத்தையும் போய் ஒப்பிக்கிற? பறிச்சுக்குவாங்க."

"பறிக்கலப்பா. குறைச்சாங்க. இப்பத்தான் நல்லாருக்கு."

"உனக்குச் சின்ன வயசு."

"அதுக்கென்ன?"

"நீ இன்னும் எதையும் பெருசா விடல. நான் எத்தனை விட்டிருக்கேன் தெரியுமா? ஆளுங்க சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன். வேற என்ன செய்ய? இப்ப ஒரு மனுசன் எந்திரிச்சு கண்ணாடியப் பார்த்து, சரிப்பான்னு சொல்லிட்டுப் போறான். அத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது அவர் கையைப் பிடித்தாள். அன்றைக்கு அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை, அண்ணி அவர் போட்டிருந்த சட்டையிலேயே தெறித்துப்போன ஒரு பொத்தானைத் தைத்தார். நெஞ்சுக்கு நேரே. ஊசியை இழுத்துக்கொண்டே கையை ஊன்றியவர் நிறுத்தினார்.

"இதென்னங்க, உள்ள மெஷின் ஓடுது? எங்க ஆலையிலகூட இவ்ளோ வேகமா ஓட்டினா சூப்பர்வைசர் நிறுத்தச் சொல்வான்."

"பொண்டாட்டி இவ்ளோ கிட்ட வந்து நின்னா ஓடாதா?"

"விளையாடாதீங்க."

"போன வாரம்தானே டாக்டரே பார்த்தாங்க. எல்லாம் சரியா இருக்காம்."

டாக்டரே சொல்லிவிட்டார் என்றதும் அண்ணி தன் கை சொன்னதை நம்பாமல் விட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பொத்தான் முடிந்தது.

மழை பிடித்த ஒரு வாரத்தில் அண்ணனுக்குச் சளி. மூக்கை உறிஞ்சியபடி வெட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரரிடம் போயிருந்தால் அவர் சளி மாத்திரை கொடுத்திருக்க மாட்டார், கையைப் பிடித்து டாக்டரிடமே கூட்டிப்போயிருப்பார். அதனாலேயே அண்ணன் அங்கே போகவில்லை. முகம் மழிக்க வந்த ஒரு லாரி டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணு போடுங்கண்ணே. அடைச்ச மூக்கு உடனே தொறந்துடும். நான் இத நம்பித்தான் வண்டியே ஓட்டுறேன்."

அண்ணன் ஒன்று போட்டார். மதியம் ஒன்று போட்டார். தலை கனமாக இருந்ததால் கெட்டியாக ஒரு காபியும் குடித்தார். மூக்கு திறந்துகொண்டது. அடைபட்ட மூக்கைத் திறக்கிற அந்த மாத்திரையும் ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் அதைச் செய்கிறது. கவனத்துக்கான மாத்திரையால் ஏற்கெனவே குழாய்கள் சுருங்கிக்கிடந்த உடம்புக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அன்று நாற்காலியில் இருந்தவர் கணக்கு வாத்தியார். இடப்பக்கம் வெட்டி முடிந்திருந்தது. அண்ணன் கையிலிருந்து சீப்பு விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. வலது கையை உதறினார். குளிர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அந்தக் கை அடிக்கடி குளிர்ந்துவிடுகிற கைதானே. நாக்கு கொஞ்சம் தடித்து வந்தது. சளி பிடித்தவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

"இதோ வந்துட்டேன்" என்று பின்னறைக்குப் போனார்.

வாத்தியார் கண்ணாடியில் தன் அரைத்தலையைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"பழைய ஆளு திரும்பி வந்துட்டான் போல."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போவாரு சார்," என்றான் மைத்துனன், கத்தரியை நிறுத்தாமல்.

காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர் பாதி மீசையோடு சைக்கிள் கடைவரைக்கும் தேடிப்போன கதையை எடுத்துவிட்டார். இன்னொருவர் நேர்முகத் தேர்வுக்கு ஒரு கிருதாவோடு போனவரின் கதையைச் சொன்னார். பின்னறைக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. அண்ணன் அதன் வழியாக எங்கோ போய் யாருக்கோ எதையோ கழற்றிக்கொண்டிருக்கிறார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் கடையில் அப்படி நினைப்பதுதான் வழக்கம். வாத்தியார் பத்திரிகையை விரித்தார். வெகுநேரம் கழித்து மைத்துனன் தன் தலையை முடித்துவிட்டு, "வாங்க சார், மீதிய நான் பார்க்கிறேன்" என்றான்.

பள்ளி விட்டு வந்த மகள் தண்ணீர் குடிக்கப் பின்னறைக்குப் போனாள்.

"மாமா" என்று ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. மைத்துனன் கையில் கத்தரியோடு ஓடினான்.

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வெந்நீர்க் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. தண்ணீர் எப்போதோ ஆறிப்போய், வலது கை அதில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "எப்ப ஆரம்பிச்சுது?" மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டவர்களுக்கு அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, சீக்கிரம் வந்தால் போடலாம் என்றார்கள். யாரும் கடிகாரம் பார்த்திருக்கவில்லை, ஊசியும் போடவில்லை. நாங்கள் எப்போது சிரிக்க ஆரம்பித்தோம் என்பதுதான் எங்களுக்குத் தெரியும்.

டாக்டரம்மா மறுநாள் வந்தார். மைத்துனன் அந்த இரண்டு நாள் கணக்கையும் லாரி டிரைவர் கொடுத்த சளி மாத்திரையையும் சொன்னான். மருந்துக்கடைக்காரர் தான் பார்த்த அளவைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நிறுத்திடுவாங்கன்னு நான்தான் சொன்னேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணி, மாமனார் எந்த வயதில், எப்படிப் போனார் என்று சொன்னார். டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மாத்திரை போடாத மனுசனத்தான் நான் மாசாமாசம் பார்த்திருக்கேன்," என்றார். "மாத்திரை போட்டவரை ஒருநாள்கூடப் பார்க்கல."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?" என்று கேட்டாள் மகள்.

"பிரஷருக்கு மருந்து குடுத்திருப்பேன். இத குறைச்சிருப்பேன். ஒத்துக்கலன்னா வேற வகை மருந்து இருக்கு. இப்படி ஆகிறது ரொம்ப அபூர்வம்மா. அளவு தெரியாம, சளி மாத்திரையும் சேர்ந்து..." அவர் முடிக்கவில்லை. "அவருக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருப்பேன்."

அண்ணி அன்றைக்கு வீட்டுக்குப் போய் மருந்துப் பெட்டியைத் திறந்து இரண்டு பேர் மருந்தையும் எடுத்தார். மகள் குறுக்கே நின்றாள்.

"அப்பாவோடத மருந்துக்கடையில திருப்பிக் குடுத்துடு. என்னோடத வைம்மா."

"உன்னையும் தூக்கிக் குடுக்கவா?"

"நான் எல்லாத்தையும் சொல்லிடுறேன்ல. அதனால எனக்கு ஒண்ணும் ஆகாது. அப்பாவும் சொல்லியிருந்தா ஆகியிருக்காது." காலர் அண்ணி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம்வரை அப்படியே இருந்தார். பிறகு மகளுடையதை டாக்டரம்மா சொன்னபடி பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலியோடு கோக்காமல், ஆலைக்குப் போகும் பையிலும் போடாமல், மகள் பார்க்கவே உயரமான அலமாரியில் வைத்தார்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது கை வரவில்லை. வலது கால் கொஞ்சம் வந்தது. பேச்சு போய்விட்டது. ஒன்று மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமானாலும், வலித்தாலும், மகள் பள்ளியிலிருந்து வந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது அது மட்டும்தான். இதோ வந்துட்டேன். மூளையில் ஆழமாகப் பதிந்த பழைய சொல் சில சமயம் இப்படித் தப்பித்துக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தெருவில் அப்புறம் யாரும் அவரை இதோ அண்ணன் என்று கூப்பிடவில்லை. வேறு பெயரும் எங்களுக்குத் தெரியாது. சலூன்காரர் என்கிறோம். அதையும் அவர் இல்லாத இடத்தில்தான் சொல்கிறோம்.

பகலில் கடைக்குக் கூட்டிவந்து காத்திருப்போர் பெஞ்சில் உட்காரவைப்பான் மைத்துனன். இரண்டு நாற்காலியிலும் அவனே மாறிமாறி வெட்டுகிறான். ஒவ்வொரு தலையும் முடிந்ததும் அந்த ஆளைக் கையைப் பிடித்து அவர் பக்கம் திருப்பி நிறுத்துவான். அவர் இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார். தலையாட்டினால்தான் துணியை உதறுவான்.

மகளை டாக்டரம்மாவிடம் காட்டும் நாள் வந்தது. அன்று காலை அவள் சாப்பிட்டாள், மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், கிளம்பினாள். அப்பா தானும் வருவேன் என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா மகளின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். மகள் சொல்ல ஆரம்பித்தாள். தூக்கம் சரியில்லை, பரீட்சை வாரத்தில் கூட ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று ஒருநாள் தோன்றியது, போடவில்லை. டாக்டரம்மா கேட்டுக்கொண்டார்.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இடது கையால் வலது சட்டைக் கையை மேலே சுருட்டத் தொடங்கினார். ஒற்றைக் கையால் சுருட்டுவது கஷ்டம். துணி நழுவி நழுவி இறங்கியது. அண்ணி உதவப் போனார், அவர் விடவில்லை. முழங்கைக்கு மேல்வரை தானே சுருட்டி முடித்தார். பிறகு அந்த வராத கையை மறுகையால் தூக்கி, மெதுவாக, மேசைமேல் டாக்டரம்மாவுக்கு எதிரே வைத்தார்.

"இதோ வந்துட்டேன்" என்றார்.

டாக்டரம்மா மகளின் கையிலிருந்து பட்டையைக் கழற்றி அவர் கையில் சுற்றினார். அதற்கு முன்னால், விரல் நுனிகளைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.